சாயத்துக்கு முன் பிரேக்: பழைய கார்களை வீதிக்குக் கொண்டு வருவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தடை நீங்கிய பின்பும் புதுக் கார் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக் கனிதான். இதனால் கொழும்பில் ஒரு நல்ல காரியமும் நடக்கிறது. வீட்டுக் கொட்டில்களிலும் மாமரத்தின் கீழும் வருடக்கணக்கில் கிடந்த மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன் மின்க்ஸ், போக்ஸ்வேகன் கார்கள் மறுபடி வெளியே வருகின்றன. ஈ.என்., ஈ.எல்., சி.என். எழுத்துத் தகடுகளும் ஸ்ரீ தகடுகளும் காலி வீதியில் கண்ணில் படும்போது மனம் குளிர்கிறது. ஆனால் அவற்றில் பல, வீதிக்கு வரக்கூடாத நிலையிலேயே வருகின்றன. இந்தக் கடிதத்துக்குக் காரணம் அதுதான்.

பணம் எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். முதலில் ரிங்கரிங் (தகடு நிமிர்த்தல்), பிறகு பெயின்ற், பிறகு பம்பருக்குக் குரோம், பிறகு சீற்றுக்குப் புது உறை. கை காலியாகும் கட்டத்தில் பிரேக்கும் முன் சில்லுகளும் மின்கம்பிகளும் "இப்போதைக்கு ஓடுதுதானே" என்று விடப்படுகின்றன. வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். கார் நிற்க வேண்டும், சொன்ன பக்கம் திரும்ப வேண்டும், கொதிக்காமல் ஓட வேண்டும், தீப்பிடிக்காமல் இருக்க வேண்டும். அழகு அதற்குப் பிறகு. பலரிடம் இருப்பது 1956 முதல் 1971 வரை வந்த மைனர் 1000 என்பதால் அளவுகளை அதை வைத்தே எழுதுகிறேன். மற்றப் பிரித்தானியக் கார்களுக்கும் முறை இதேதான். அளவுகளை மட்டும் அந்தந்தக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கார்களில் நான்கு சில்லுகளுக்கும் சேர்த்து ஒரே குழாய்த் தொகுதிதான். இன்றைய கார்களில் ஒரு பாதி பழுதானாலும் மறுபாதி பிடிக்கும். இங்கே பின்சில்லில் ஒரு ரப்பர் கப் கிழிந்தால் நான்கு சில்லிலும் பிரேக் போய்விடும். ஆகவே வருடக்கணக்கில் நின்ற காரில் பழைய ரப்பர் எதையும் நம்பக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர் கிட், எல்லாச் சில்லுச் சிலிண்டர்களின் கப்கள், வளையும் ஹோஸ்கள் மூன்று (முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று) எல்லாம் ஒரே தடவையில் மாற வேண்டும். சிலிண்டரின் உட்சுவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தட்டுகிற குழி இருந்தால் ரப்பர் மட்டும் மாற்றிப் பயனில்லை. குழியின் ஓரம் புதுக் கப்பையும் கொஞ்ச நாளில் அறுத்துவிடும். சிலிண்டரையே மாற்றுங்கள்.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் பொனட்டின் கீழ் இல்லை. சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே, தரையைத் தாங்கும் பெட்டி வடிவத் தகட்டுக்குள் பொருந்தியிருக்கிறது. கார்ப்பெற்றை விலக்கினால் மூடி தெரியும். எளிதில் கண்ணில் படாத இடம் என்பதால் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. மூடியைக் கழற்றுமுன் சுற்றிலும் துடையுங்கள், ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் கேடு. மட்டம் வாயிலிருந்து அரை அங்குலம் கீழே நிற்க வேண்டும். ஊற்ற வேண்டியது டொட் 3 அல்லது டொட் 4 பிரேக் ஒயில் மட்டுமே. அவசரத்துக்கு என்ஜின் ஒயிலோ ஹைட்ரோலிக் ஒயிலோ ஊற்றினால் ரப்பர் ஊதிப் பெருத்து, பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். டொட் 4 புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்த பின் அது 155 பாகையளவுக்கு இறங்கிவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பது அந்தத் திரவத்தின் இயல்பு. கொழும்பின் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. ஆகவே இரண்டு வருடம் என்று மற்ற நாட்டுக்காரர் சொல்வதை இங்கே ஒரு வருடமாக எடுத்துக்கொள்வது நல்லது. பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதிது நிரப்புங்கள். ஒருமுறை திறந்த போத்தலை அடுத்த வருடத்துக்கென்று வைக்காதீர்கள்.

சரிசெய்யும் முறையில்தான் அதிகப் பிழை நடக்கிறது. முன்சில்லு ஒவ்வொன்றிலும் ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தும் இரண்டு பிரேக் சூக்கள், இரண்டுக்கும் தனித்தனி அஜஸ்டர். பின்சில்லில் ஒன்றுதான். சில்லைத் தூக்கி, தொப்பியைக் கழற்றி, ட்ரம்மில் உள்ள துளைக்கு நேரே அஜஸ்டரைக் கொண்டு வாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் வலப்பக்கமாகச் சில்லு இறுகும் வரை திருப்பி, பிறகு ஒரு பல் பின்னால் விடுங்கள். சில்லு தடையில்லாமல் சுற்ற வேண்டும். முன்சில்லில் ஒரு அஜஸ்டரை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை மறந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும். சாரதியும் ஸ்டியரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு சில்லு மட்டும் சூடாகிக்கொண்டே இருந்தால் அந்தச் சில்லின் ஹோஸைச் சந்தேகியுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதிக்கும்போது திரவம் போகும், விடும்போது திரும்பி வராது.

அடுத்தது முன்சில்லுகளின் சுவிவல் பின்னும் ட்ரனியனும். மைனரின் மிகப் பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சில்லைத் தாங்கும் பின்னின் மேலும் கீழும் மரை உண்டு. அது ட்ரனியன் என்ற மரையுள்ள துண்டுக்குள் திருகி நிற்கிறது. கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும். சில்லு மட்கார்ட்டுக்குள் மடிந்து கார் தரையில் உட்கார்ந்துவிடும். முன்னறிவிப்பு பெரிதாக இருக்காது. கையேடு சொல்வது 1,000 மைலுக்கு ஒரு தடவை கிறீஸ், அதாவது 1,600 கிலோமீற்றர். குறைவாக ஓடும் கார் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. சில்லு தரையில் இருக்கும்போது கிறீஸ் கன் வைத்தால் பாரம் விழும் பக்கத்துக்கு கிறீஸ் போகாது. ஜாக் வைத்துத் தூக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியபடி, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து புதியது தெரியும் வரை அடிக்க வேண்டும். சேர்விஸ் ஸ்டேசனில் காரை விட்டுவிட்டுப் போகாமல் அருகில் நின்று இதைப் பாருங்கள். தேய்மானம் பார்க்க, தூக்கிய சில்லின் கீழ் ஒரு கம்பியை வைத்து நெம்புங்கள். பின்னுக்கும் ட்ரனியனுக்கும் இடையே மேல்கீழாக ஆட்டம் தெரிந்தால் அந்தக் காரை ஓட்டக்கூடாது.

பழைய டயர்கள் ஆழமான பூவோடு புதிது போலவே தோன்றும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பத்து வருடம் கடந்த டயரைப் பூ எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள். அந்த இலக்கமே இல்லாவிட்டால் அது அதைவிடப் பழையது.

வருடக்கணக்கில் நின்ற என்ஜினை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். புதுப் பற்றரி ஒன்றைக் கொண்டு வந்து, கூட்டம் கூடி நிற்க, கீயைத் திருப்பிவிடுவார்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரில் துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அந்த ஒரு திருப்பலிலேயே வளையம் உடையும். பிளக் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டி அளவு, சுமார் 15 மில்லிலீற்றர், மெல்லிய ஒயில் விட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு முன் ஹாண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் பலம் காட்ட வேண்டாம், இன்னும் ஒயில் விட்டுக் காத்திருங்கள். சுற்றத் தொடங்கிய பின் என்ஜின் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். பில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர் பிடிக்கும். பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றி, ஒயில் விளக்கு அணைந்த பிறகே பிளக் பூட்டுங்கள். தாங்கியிலுள்ள பழைய பெற்றோலைக் கட்டாயம் வடித்துவிடுங்கள். வார்னிஷ் மணம் வந்த பெற்றோல் கார்புரேட்டரின் ஊசியையும் வால்வையும் பசை போட்டு ஒட்டிவிடும்.

ஒயில் விடயத்தில் இன்றைய கராஜ்கள் கை தவறுகின்றன. 5டபிள்யூ-30 இப்போதைய ஜப்பானியக் கார்களுக்கு நல்லது. இந்த என்ஜினுக்கு 20டபிள்யூ-50 வேண்டும். பின்பக்கத்தில் கிராங் சாப்ட்டுக்கு ரப்பர் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பித் தள்ளும் ஒரு சுருள் வெட்டு மட்டுமே. மெல்லிய ஒயில் அதைத் தாண்டிக் கிளட்சுக்குள் இறங்கும். பிறகு கிளட்ச் வழுக்குகிறது என்று பிளேட் மாற்றிக்கொண்டிருப்பார்கள். கியர் பெட்டிக்கும் கையேடு கேட்பது என்ஜின் ஒயில் வகைதான். பின் அக்சிலுக்கு ஈ.பி. 90 என்ற தடித்த கியர் ஒயில். அந்த 90ஐக் கியர் பெட்டிக்கும் ஊற்றினால் கியர் மாற்றுவது கடினமாகும், உள்ளேயுள்ள பித்தளை வளையங்களுக்கும் அது ஆகாது. ஓடாத கார் என்றாலும் ஆறு மாதத்துக்கொரு தடவை என்ஜின் ஒயிலை மாற்றுங்கள். வாரம் ஒரு நாள் முற்றத்தில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பது நல்ல பழக்கம் என்று பலர் நம்புகிறார்கள். அது கெடுதல். என்ஜின் முழுச் சூட்டுக்கு வராமல் அணைவதால் ஒயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர் சேர்கிறது. அரை மணி நேரம் வீதியில் ஓட்டுங்கள், இல்லையென்றால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

இனி கொழும்பு வாசிகளின் தலையாய பிரச்சினை, கொதிப்பு. பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை மாலையில் ஊர்ந்து போகும் வேகத்துக்காக இந்தக் கார்கள் வடிவமைக்கப்படவில்லை. கொதித்தால் பல மெக்கானிக்குகள் செய்யும் முதல் வேலை தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அப்போதைக்கு ஊசி இறங்கும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் இந்த வகை என்ஜினில் தெர்மோஸ்டாட் வெறும் வால்வு அல்ல, தண்ணீர் போகும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இடுக்கும் அதுவே. அது இல்லாவிட்டால் தண்ணீர் முன்பக்கத்தாலேயே சுற்றிப் போய்விடும். பின்னால் இருக்கும் நான்காவது சிலிண்டருக்குப் போதிய ஓட்டம் கிடைக்காது. அங்கே ஹெட் காஸ்கட் எரியும். 82 பாகையில் திறப்பதற்குப் பதில் 74 பாகையில் திறக்கும் தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். எங்கள் வெப்பத்துக்கு அது சரி. கழற்றியே ஆக வேண்டுமென்றால் அதன் இடத்தில் இடுக்கு வளையம் ஒன்றைக் கட்டாயம் பூட்ட வேண்டும்.

கொதிப்புக்கான உண்மைக் காரணங்களை ஒழுங்காகத் தேடினால் கிடைக்கும். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக வைத்து, கீழ் வாயால் தண்ணீர் பாய்ச்சுங்கள். செம்மண் போல வரும் துரு நிற்கும் வரை பாய்ச்ச வேண்டும். நிற்கவே இல்லையென்றால் புதுக் கோர் போடுங்கள். வாட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே விரலளவு நீளத்தில் ஒரு சின்ன ஹோஸ் இருக்கும். கை எட்டாத அந்த ஹோஸ்தான் பெரும்பாலும் முதலில் வெடிக்கும். பம்பைக் கழற்றாமலே நுழைக்கக்கூடிய, மடிப்பு மடிப்பான வகை ஒன்று கிடைக்கிறது. ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்தைப் பாருங்கள். மைனருக்குச் சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 7 இறாத்தல். பொருந்துகிறதே என்று ஜப்பானியக் காரின் 13 இறாத்தல் மூடியைப் போட்டால் பழைய கோரின் ஈயப் பற்று பிளக்கும். இக்னிஷன் பிந்தியிருந்தாலும் என்ஜின் சூடேறும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்தும் தீராத கொதிப்புக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது இந்த இக்னிஷன் டைமிங்கை.

மின்விசிறி பூட்டலாமே என்று கேட்பார்கள். அது 8, 10 அம்பியர் இழுக்கும். இந்தக் கார்களின் டைனமோ ஐட்லிங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே சார்ஜ் செய்யாது. நெரிசலில் நிற்கும் நேரத்தில், அதாவது விசிறி தேவைப்படும் நேரத்தில், பற்றரியை அது காலி செய்துவிடும். அதிக இதழ்களுள்ள சாதாரண விசிறியும், காற்று பக்கத்தால் நழுவாமல் சுற்றிலும் ஒரு தகட்டு உறையும் போதும்.

கல்யாணக் காராக வாடகைக்கு விடுவோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முன் கிரில்லை மறைத்துப் பூப்பலகையும் மாலையும் கட்டி, மேளக்காரருக்குப் பின்னால் நடை வேகத்தில் மாப்பிள்ளையைக் கொண்டு போகிறார்கள். காற்று வரும் ஒரே வழியை அடைத்துவிட்டு, ஓட்டமும் இல்லாமல் காரை வேலை வாங்குவது இது. மண்டப வாசலில் ஆவி கிளம்புவதற்கு வேறு காரணம் வேண்டாம். பூவைப் பொனட்டின் மேல் கட்டுங்கள், கிரில்லை விடுங்கள். கொதித்துவிட்டால் ஓரம் கட்டி அணையுங்கள். உடனே மூடியைத் திறக்கவும் வேண்டாம், என்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். ஒன்று முகத்தைப் பொசுக்கும், மற்றது வார்ப்பிரும்பை வெடிக்க வைக்கும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த துணியால் மூடியைக் கால் திருப்புத் திருப்பி ஆவி போன பின் கழற்றி, என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் வைத்தபடி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

யாழ்ப்பாணம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கேயுள்ள கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டர் குழாய்களிலும் படியும், பிறகு எந்தப் பாய்ச்சலுக்கும் போகாது. கொழும்பிலிருந்தே இரண்டு போத்தல் காய்ச்சி வடித்த தண்ணீரை டிக்கியில் கொண்டு போங்கள். அதோடு துருத்தடுப்புள்ள கூலன்ட்டை மூன்றில் ஒரு பங்கு கலந்தால் உள்ளே துருவும் பிடிக்காது.

சில சமயம் கொதிக்காமலே கார் நின்றுவிடும். பெற்றோல் குழாய்க்குள் ஆவியாகி அடைப்பதே காரணம், எங்களூரில் எயார் லொக் என்போம். மைனரில் கார்புரேட்டரும் சைலன்சர் மனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் இது எளிதில் வருகிறது. இரண்டுக்கும் இடையில் வெப்பத் தகடு இருக்கிறதா, பெற்றோல் குழாய் மனிபோல்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். மைனரின் மின்சாரப் பெற்றோல் பம்ப் தன் நிலையைத் தானே சொல்லும். கீயைத் திருப்பியதும் சில தடவை டிக் டிக் என்று அடித்து நின்றால் நலம். நிற்காமல் வேகமாக அடித்தால் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. சத்தமே இல்லையென்றால் உள்ளேயுள்ள பொயின்ற் (மின்தொடுகை) கருகியிருக்கும். ஸ்பானர் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் வீடு சேரலாம். மறுநாள் அதைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட வேண்டும்.

ஈயமற்ற பெற்றோல் பற்றிய அச்சம் தேவைக்கு மேல் இருக்கிறது. 2002இல் ஈயம் நிறுத்தப்பட்டதிலிருந்து இந்தக் கார்கள் அதிலேயே ஓடுகின்றன. ஈயம் எக்ஸோஸ்ட் வால்வின் இருக்கையைத் தேயாமல் காத்தது உண்மை. ஆனால் தேய்மானம் நீண்ட நேர வேக ஓட்டத்தில்தான் அதிகம். நகரத்தில் மெதுவாக ஓடுவோர் டப்பட் (வால்வு) இடைவெளியைக் கண்காணித்தால் போதும். குளிர்ந்த நிலையில் 12 தௌ (தௌ என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.30 மில்லிமீற்றர். ஒன்பது கணக்கு நினைவிருக்கட்டும்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதைச் செட் செய்யுங்கள், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. எக்ஸோஸ்ட் வால்வுகளில் ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் இருக்கை தேய்கிறது என்று அர்த்தம். அப்போது ஹெட்டைக் கழற்றி உறுதியான இருக்கைகளைப் பதிக்கலாம். அது வரை ஹெட்டைத் தொட வேண்டாம். ஏற்றத்தில் கடகடவென்று தட்டும் சத்தம் வந்தால் ஒக்டேன் 92ஐ விட்டு 95 போடுங்கள், அல்லது டைமிங்கை இரண்டு பாகை பின்னுக்குத் தள்ளுங்கள். பழைய போக்ஸ்வேகன் 1200க்கு 92 தாராளம்.

புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டு வந்து கார்புரேட்டரைக் கண்டபடி திருகுகிறார்கள். வாசலில் காத்திருக்கும்போது அணைத்து ஆறவிடாமல், முழுச் சூட்டில் காரைக் கொண்டு போங்கள். அதற்கு முன், வீட்டிலேயே இதைச் செய்யலாம். எயார் பில்டரைச் சுத்தம் செய்து, டிஸ்ரிபியூட்டர் பொயின்ற் இடைவெளி 15 தௌ, பிளக் இடைவெளி 25 தௌ வைத்து, எஸ்.யூ. கார்புரேட்டரின் மேலுள்ள டாஷ்பொட் என்ற ஒயில் கிண்ணத்தில் ஒயில் இருக்கிறதா பாருங்கள். உள்ளேயுள்ள துளைத் தண்டுக்கு அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். பிறகு ஐட்லிங்கில் கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அந்த வேகத்திலேயே ஓடினால் பெற்றோல் அதிகம், கார்புரேட்டரின் கீழுள்ள ஜெட் நட்டை ஒரு முகம் மேலே ஏற்றுங்கள். என்ஜின் நிற்கப் பார்த்தால் குறைவு, ஒரு முகம் கீழே இறக்குங்கள். கணநேரம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரியான அளவு. நட்டில் ஆறு முகம், ஒவ்வொன்றாகவே திருப்ப வேண்டும்.

மின்சாரத்தில் முதலில் பற்றரியின் எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். இந்தக் காலத்துப் பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் நேர்முனை உடலில் இருக்கும். தெரியாமல் மாற்றிக் கொடுத்தால் ரேடியோவும் மின்னணுப் பாகங்களும் கருகும். போன் சார்ஜருக்கும் இதே கதி. வேறொரு காரிலிருந்து பற்றரி கடன் வாங்கும்போது நேருக்கு நேர், எதிருக்கு எதிர் என்று கொடுங்கள். இரண்டு கார்களின் பம்பரும் ஒன்றையொன்று தொடவே கூடாது, தொட்டால் முழு ஷோட். மைனரில் இருப்பது இரண்டே இரண்டு பியூஸ்தான். ஹெட்லைட்டும் இக்னிஷனும் அவற்றுக்கு வெளியே. துணி சுற்றிய பழைய வயர் வெடித்திருந்தால் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். பற்றரியைத் துண்டிக்கும் ஒரு சுவிட்சும், சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கிலோ பவுடர் தீயணைப்பானும் இல்லாமல் காரை எடுக்காதீர்கள்.

பழைய உதிரிப் பாகங்கள் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடினால் இன்றும் நிறையக் கிடைக்கும். ஆனால் டிஸ்ரிபியூட்டருக்கென்று புதிதாக வரும் மலிவான கண்டென்சரும் ரொட்டரும் நம்பத்தக்கவை அல்ல. வேலை செய்கிற பழைய கண்டென்சரைப் புதுப்பெட்டியைப் பார்த்து எறிந்துவிடாதீர்கள். ரொட்டரின் நடுவில் ரிவெட் அடித்திருந்தால் அதன் வழியே மின்பொறி கசிந்து, சூடேறியதும் என்ஜின் நிற்கும். என்ஜினையே கழற்றிவிட்டு ஜப்பானிய என்ஜின் பூட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கம் இருக்கிறது, மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அதைவிட முக்கியம், கூடிய சக்தியை நிறுத்துவது அதே பழைய சின்ன ட்ரம் என்பது.

போக்ஸ்வேகன் வைத்திருப்போருக்குச் சுருக்கமாக: காற்றால் ஆறும் என்ஜின் என்பதால் விசிறி பெல்ட் அறுந்தால் ஒரு நிமிடமும் ஓட்டக் கூடாது. சிவப்பு விளக்கு எரிந்ததும் நிறுத்துங்கள். என்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டி இல்லாவிட்டால் கீழேயுள்ள சூட்டுக் காற்றையே விசிறி திரும்ப இழுக்கும். ஒயில் இரண்டரை லீற்றர் மட்டுமே, ஆகவே அரை லீற்றர் குறைந்தாலும் பெரிய குறைவு. பெற்றோல் ஹோஸ் சூடான என்ஜினுக்கு மேலே இருப்பதால் இரண்டு வருடத்துக்கொரு தடவை மாற்றி, கிளிப் போட்டு இறுக்குங்கள். அந்தக் கார்கள் எரிவது பெரும்பாலும் அந்த ஒரு ஹோஸால்தான்.

ஓட்டும்போது மைனரின் முதல் கியருக்கு சிங்க்ரோ (ஓட்டத்தில் கியரை உராயாமல் பொருத்தும் அமைப்பு) இல்லை என்பதை மறக்க வேண்டாம். முழுதாக நின்ற பின்னரே போடுங்கள், அல்லது கிளட்சை இரண்டு தடவை மிதித்துப் போடப் பழகுங்கள். முன்னால் விடும் இடைவெளிக்குள் முச்சக்கர வண்டி புகும். கோபப்படாமல் மறுபடி இடைவெளி விடுங்கள். கடுகண்ணாவை ஏற்றத்தை எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்தபடி இறங்கினால் ட்ரம் சூடாகிப் பிடிப்புப் போய்விடும். அதிவேகப் பாதையில் 100இல் ஓடினால் இந்த என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றளவில் சுழலும். பழைய காலி வீதியே இதற்கு ஏற்றது. மழை வெள்ளத்தைக் கடந்தால் உடனே பிரேக்கை மெதுவாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டிச் சூக்களை உலர்த்துங்கள். அக்சில் வரை தண்ணீரில் நின்றிருந்தால் பின் அக்சில் ஒயிலை வடித்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடலோர வீடுகளில் காரைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைக்கிறார்கள். உப்பையும் ஈரத்தையும் உள்ளே பூட்டி வைக்கும் வேலை அது. காற்றுப் போகும் பருத்தித் துணி போதும். மாதம் ஒரு தடவை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவி, கதவுகளின் கீழுள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். தரைத் தகடு, கதவுக்குக் கீழுள்ள சில், பின் வில் பொருந்தும் இடம் மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது புட்டியும் சாயமும்தான், இரும்பு அல்ல. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, அந்தத் தகடுகள்தான் காரைத் தாங்குகின்றன. புட்டி வைத்து மூடாமல் வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்ட வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, இந்த விபரங்கள் எல்லாம் ஆங்கிலக் கையேடுகளில் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் கிராண்ட்பாஸிலும் கராஜ்களில் வேலை பழகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவை எட்டுவதில்லை. பொயின்ற் செட் செய்யவும் எஸ்.யூ. கார்புரேட்டரை டியூன் செய்யவும் தெரிந்த மூத்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற நிறுவனங்கள் தமிழ்மொழிப் பாடநெறிகளில் இதற்கென ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும். உங்கள் பத்திரிகையும் மாதம் ஒரு பத்தி இடம் தந்து, அந்த மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவுகளை அப்படியே அச்சிட வேண்டுகிறேன். முதல் பத்தி பிரேக் பற்றியதாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.